தெள்ளுப்பூச்சியின் ஆவியும் காட்சி ஓவியமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பில் வில்லியம் பிளேக்கைப் பற்றிப் பேச்செடுத்தால் அன்றைக்கு வேறு பாடம் நடக்காது. 'நிஜமாகவே பார்த்தாரா?' என்று ஒருவர் ஆரம்பிப்பார். அது மூளை, கண் மருத்துவம், கோயில் சிற்பம், போதைச் செடி என்று எங்கெங்கோ போய் நிற்கும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

தரிசனம், காட்சி, பிரமை எல்லாம் ஒன்றுதானா?

நடப்பது ஒன்றுதான்: எதிரில் இல்லாத ஒன்று தெரிகிறது. எந்தச் சொல்லைப் போடுகிறோம் என்பது, சொல்பவர் மேல் நமக்கு எவ்வளவு மரியாதை என்பதைப் பொறுத்தது. கோயிலில் சொன்னால் தரிசனம், ஆஸ்பத்திரியில் சொன்னால் பிரமை. தமிழில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 'முருகன் காட்சி கொடுத்தார்' என்போம். 'நான் முருகனைப் பார்த்துவிட்டேன்' என்று சொல்ல நாக்கு கூசும். கொடுப்பது அவர் பாடு, வாங்கிக்கொள்வது நம் பாடு. பிளேக்கின் பேச்சும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும்: வருகிறார்கள், நிற்கிறார்கள், போய்விடுகிறார்கள். நான் 'காட்சி' என்றே எழுதப்போகிறேன். தெய்வமா மூளையா என்று எடுத்த எடுப்பிலேயே தீர்ப்பு சொல்லிவிடாத சொல் அது.

வில்லியம் பிளேக் யார்?

லண்டன்காரர். 1757-இல் சோஹோ பகுதியில் பிறந்தவர். அப்பா காலுறை, உள்ளாடை விற்கும் கடைக்காரர். தொழில் செப்புத்தகட்டில் படம் செதுக்குவது. கவிதையும் எழுதினார், அதைத் தானே தகட்டில் பொறித்து, அச்சடித்து, மனைவி கேத்தரினோடு உட்கார்ந்து ஒவ்வொரு பிரதிக்கும் கையால் வண்ணம் தீட்டினார். கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடத் தெரியாமல் பெருக்கல் குறி போட்ட பெண் கேத்தரின். எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தது பிளேக்தான்.

சின்ன வயதிலேயே காட்சிகள் தொடங்கிவிட்டன. நாலு வயதில் ஜன்னலில் கடவுளின் தலை தெரிந்து அலறியதாக மனைவி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். எட்டு பத்து வயதில் பெக்கம் ரை என்ற வெளியில் நடந்துபோனபோது ஒரு மரம் முழுக்க தேவதூதர்கள், கிளைக்குக் கிளை சிறகுகள் நட்சத்திரமாய் மின்னின என்று வீட்டுக்கு வந்து சொன்னான் பையன். பொய் சொல்கிறான் என்று அப்பா அடிக்கக் கை ஓங்கினார், அம்மா குறுக்கே விழுந்து காப்பாற்றினார். ஊர் எதுவானாலும் வீடு ஒன்றுதான்.

'பார்த்தேன்' என்றால் கண்ணாலா?

இந்தக் கேள்வியை அவரிடமே ஒரு சீமாட்டி கேட்டிருக்கிறார். ஒரு விருந்தில் பிளேக், மாலையில் வயல் பக்கம் நடந்துபோனதாகவும், அங்கே ஒரு ஆட்டுக்குட்டி மந்தையைப் பார்த்ததாகவும், கிட்டே போனால் அத்தனையும் சிற்பமாக இருந்ததாகவும் சொன்னார். பிள்ளைகளை விடுமுறைக்கு எங்கே கூட்டிப்போகலாம் என்று பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாள், 'அது எங்கே இருக்கிறது?' என்று விசாரித்தார். பிளேக் தன் நெற்றியைத் தொட்டு, 'இங்கே, அம்மா' என்றாராம்.

இந்தப் பதிலை நான் முக்கியமாக நினைக்கிறேன். அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை. வயலில் ஆடு இருக்கிறதா, நெற்றிக்குள் இருக்கிறதா என்று தெரிந்தே பேசினார். ஆனால் நெற்றிக்குள் இருப்பது குறைந்த சரக்கு என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். கண் ஒரு ஜன்னல், அதன் வழியாகப் பார்க்கிறேன், அதைக்கொண்டு பார்க்கவில்லை என்பது அவர் வாதம். கடைசிக் காலத்தில் அவரைச் சந்தித்துக் குறிப்பெழுதிய கிராப் ராபின்சனிடம், இந்தத் திறன் எல்லாருக்கும் இருக்கிறது, பழக்கிக்கொள்ளாததால் போய்விடுகிறது என்றும் சொல்லியிருக்கிறார்.

தெள்ளுப்பூச்சி கதை என்ன?

1819-இல் தொடங்குகிறது. ஜான் வார்லி என்று ஒரு நீர்வண்ண ஓவியர், ஜோதிடப் பைத்தியம். பிளேக்குக்கு அப்போது அறுபது தாண்டிவிட்டது, கையில் காசில்லை. வார்லி இரவில் அவரைத் தன் வீட்டில் உட்கார வைத்து, மேசையில் தாளும் பென்சிலும் போட்டு, 'வில்லியம் வாலஸை வரையுங்கள்' என்பார். பிளேக் நிமிர்ந்து பார்ப்பார், 'இதோ வந்துவிட்டார்' என்பார், வரையத் தொடங்குவார். எதிரே ஆள் உட்கார்ந்திருந்தால் எப்படி நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்து வரைவோமோ, அதே மாதிரி. ஒரு தடவை ஸ்காட்லாந்து வீரன் வாலஸை வரைந்துகொண்டிருக்கும்போது அவனுடைய எதிரி முதலாம் எட்வர்ட் மன்னர் நடுவில் வந்து நின்றுவிட்டார். பிளேக் என்ன செய்தார்? வேறு தாள் எடுத்து மன்னரை வரைந்து முடித்து, அவர் நகரும்வரை காத்திருந்தார். சில சமயம், 'போய்விட்டது, திரும்பி வரட்டும்' என்று பென்சிலைக் கீழே வைத்துவிடுவார்.

பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த வார்லிக்கு ஒன்றுமே தெரியாது. கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தாலும் வெற்று அறைதான். பாவம், ஆவிகளை முழுசாக நம்பியவர் அவர்தான்.

அப்படி ஒரு இரவில் வந்ததுதான் தெள்ளுப்பூச்சியின் ஆவி. மிதமிஞ்சிய ரத்தவெறி பிடித்த மனிதர்களின் ஆன்மாக்களே தெள்ளுப்பூச்சிக்குள் அடைக்கப்பட்டிருக்கின்றன, உடம்பு இத்தனை சிறிதாக இல்லாவிட்டால் நாட்டையே காலி பண்ணியிருப்போம் என்று அது பிளேக்கிடம் விளக்கம் சொன்னதாம். பாதி வரைந்ததும் அது வாயைத் திறந்தது. தலை வரைந்தது வரைந்தபடி இருக்க, தாளில் வேறோரு இடத்தில் வாயை மட்டும் தனியாக வரைந்துகொண்டார். அந்தப் பென்சில் ஓவியத்தில் இன்றும் இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன.

அப்புறம் அதையே மகோகனிப் பலகையில் வண்ண ஓவியமாக்கினார். தசை முறுக்கேறிய ஒரு மனித உடம்பு, பாம்பு போல நீளும் நாக்கு, கையில் ரத்தம் பிடிக்க ஒரு கிண்ணம். இரண்டு பக்கமும் நாடகத் திரை, பின்னால் விழும் நட்சத்திரங்கள். தங்கத் தகடும் சேர்த்திருக்கிறார்.

அப்படியானால் பார்த்ததை அப்படியே நகலெடுத்தாரா?

வகுப்பில் நான் அதிக நேரம் செலவிடும் இடம் இதுதான்.

1665-இல் ராபர்ட் ஹூக் என்ற விஞ்ஞானி, உருப்பெருக்கியில் பார்த்த தெள்ளுப்பூச்சியைப் பெரிய மடிப்புத்தாளில் அச்சிட்டு வெளியிட்டார். செதில் செதிலாகக் கவசம் போட்ட அந்தப் பூச்சி இங்கிலாந்தில் எல்லாருக்கும் பழகிய படம். பிளேக் அதைப் பார்த்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அவர் வரைந்த ஆவியின் உடம்பைப் பார்த்தால் இன்னொன்று தெரியும்: அந்தத் தோளும் தொடையும் மைக்கலாஞ்சலோவுடையவை. பிளேக் இத்தாலிக்குப் போனதில்லை. சிறுவனாக இருந்தபோதே அச்சுப்படங்கள் வாங்கிச் சேர்த்துப் பழகிய கை அது.

பதினாலு வயதில் ஜேம்ஸ் பசையர் என்ற செதுக்கு ஓவியரிடம் தொழில் பழக விட்டார்கள், ஏழு வருடம். அந்தக் காலத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்துக்கு அனுப்பி, அங்கே படுத்திருக்கும் அரசர் அரசியரின் கல்லறைச் சிற்பங்களை வரையச் சொன்னார் பசையர். கல்லில் மடிப்பு மடிப்பாக விழும் நீண்ட அங்கி, கூப்பிய கை, நேர்க்கோட்டு உடல். பின்னால் பிளேக்குக்குக் காட்சி கொடுத்த தேவதூதர்களும் தீர்க்கதரிசிகளும் அதே அங்கியைத்தான் போட்டிருக்கிறார்கள்!

1794-இல் அவர் அச்சிட்ட இன்னொரு புகழ்பெற்ற படம்: சூரிய வட்டத்தில் ஒரு கிழவர் மண்டியிட்டு, கீழே இருட்டுக்குள் கவராயத்தை விரிக்கிறார். லாம்பெத் வீட்டில் மாடிப்படியின் உச்சியில் இந்த உருவம் தலைக்கு மேலே நின்றதைப் பார்த்ததாகச் சொன்னார். ஆனால் உலகை அளக்கக் கவராயம் பிடிக்கும் கடவுள், பைபிளின் நீதிமொழிகளிலும் மில்டனின் காவியத்திலும் ஏற்கெனவே இருக்கிறார். இரண்டையும் மனப்பாடமாகத் தெரிந்தவர் பிளேக்.

பொய் சொன்னார் என்கிறேனா? இல்லவே இல்லை. மாடிப்படியில் பார்த்தது உண்மையாகவே இருக்கலாம். கண்ணும் கையும் இத்தனை வருடமாகச் சேர்த்து வைத்ததுதான் உருவமாக எழுந்து வந்து நின்றது என்கிறேன். வார்லிக்கு ஏன் வரவில்லை என்பதற்கும் பாதி பதில் இதில் இருக்கலாம்.

காட்சி ஓவியம் என்றால் புகைமூட்டமாக, மங்கலாக இருக்காதா?

பிளேக்கிடம் கேட்டால் சண்டைக்கு வருவார். ஆவி என்றால் மேகம், புகை என்று நினைப்பவன் ஒன்றும் பார்க்காதவன், உடம்புக் கண்ணால் பார்ப்பதைவிடத் துல்லியமான கோட்டோடு தெரியாவிட்டால் அது கற்பனையே இல்லை என்பது அவர் கட்சி. அவர் படங்களில் ஓரக்கோடு கம்பி மாதிரி நிற்பது அதனால்தான். எண்ணெய் வண்ணக் குழைவை வெறுத்தார். கனவுக் காட்சி என்றதும் நாம் எல்லாவற்றையும் கலங்கலாக்கும் பழக்கம் சினிமாவிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன்.

பைத்தியமா அவர்?

1809-இல் சகோதரர் கடையின் மாடியில் தன் ஓவியங்களைக் கண்காட்சியாக வைத்தார். யாரும் வரவில்லை என்றே சொல்லலாம். வந்த ஒரே பத்திரிகை விமர்சனம் அவரை 'பரிதாபத்துக்குரிய பைத்தியம்' என்று எழுதியது. ஆனால் எழுபதாவது வயதை நெருங்கும்வரை தவறாமல் தகடு செதுக்கிப் பிழைத்தவர், மனைவியோடு நாற்பத்தைந்து வருடம் வாழ்ந்தவர், எது நெற்றிக்குள் இருக்கிறது என்று தெரிந்தவர். நோய்ப் பெயர் தேடுவதில் எனக்கு ஆர்வமில்லை.

போதை, காய்ச்சல், தலைவலி எதில் வந்தாலும் ஒரே மாதிரி வடிவங்கள் தெரிகின்றனவாமே, ஏன்?

உண்மை. ஹைன்ரிச் க்ளூவர் என்ற உளவியலாளர் 1920-களில் மெஸ்கலின் என்ற போதைப்பொருளை உட்கொண்டவர்கள் சொன்னதையெல்லாம் அடுக்கிப் பார்த்தார். ஆளுக்கு ஆள் கதை வேறு, ஆனால் ஆரம்பக் கட்டத்தில் தெரியும் வடிவங்கள் நாலே வகை: தேன்கூடு போன்ற கட்டம், சிலந்தி வலை, சுரங்கப்பாதை, சுருள்.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். மாலை வெயில் சாய்ந்திருக்கும்போது புளியமரம் வரிசையாக நிற்கும் சாலையில் பஸ் வேகமாகப் போகிறது. ஜன்னலோரம் கண்ணை மூடி உட்கார்ந்தால் வெயிலும் நிழலும் மாறி மாறி இமையில் அடிக்கும். கொஞ்ச நேரத்தில் சிவப்பு மஞ்சளில் கட்டங்கள் ஓடத் தொடங்கும். 1958 டிசம்பரில் பிரயான் கைசின் என்ற ஓவியருக்கு பிரான்சில், மார்செய் போகும் பஸ்ஸில் இதுவேதான் நடந்தது. அவர் அதோடு விடவில்லை. சுழலும் உருளையில் துளை போட்டு, உள்ளே பல்பை எரியவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு 'பார்க்க' ஒரு கருவியே செய்தார். (வலிப்பு நோய் உள்ளவர்கள் மினுங்கும் வெளிச்சத்தில் விளையாட வேண்டாம்.)

ஏன் அந்த நாலு வடிவம்? ஜாக் கோவன், பார்ட் எர்மன்ட்ரௌட் என்ற இரு கணிதவியலாளர்கள் 1979-இல் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். விழித்திரையில் விழும் பிம்பம் பின்மண்டையில் உள்ள பார்வைப் பகுதிக்குப் போகும்போது வளைத்து விரிக்கப்படுகிறது. விழித்திரையில் வட்டமாக இருப்பது அங்கே நேர்க்கோடாகிவிடும். இப்போது தலைகீழாக யோசியுங்கள். வெளியிலிருந்து எதுவும் வராமலே அந்தப் பகுதியில் கோடு கோடாகக் கிளர்ச்சி எழுந்தால், நமக்கு என்ன தெரியும்? கோடு ஒரு திசையில் போனால் வளையங்கள், சுரங்கம். சாய்வாகப் போனால் சுருள். பார்ப்பது எதிரில் இருக்கும் சுரங்கத்தை அல்ல, நம் மூளையின் தறியையே. நெசவு நிற்கும்போது தறி தெரிகிற மாதிரி.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த விளக்கம் கட்டங்களோடு நின்றுவிடுகிறது. வாலஸ் ஏன் வந்தார் என்று அது சொல்லாது.

ஹில்டகார்டின் காட்சிகள் வெறும் ஒற்றைத் தலைவலி என்கிறார்களே?

ஹில்டகார்ட் (1098–1179) ஜெர்மனியில் ரைன் நதிக்கரைக் கன்னியர் மடத்தின் தலைவி. தன் 42-வது வயதில், பார்ப்பதை எழுது என்று உத்தரவு வந்ததாகச் சொல்லி, 1141-இல் தொடங்கிப் பத்து வருடம் 26 காட்சிகளை எழுதினார். தூக்கத்தில் அல்ல, விழித்திருந்து, கண் திறந்தபடியே பார்த்ததாக வலியுறுத்தினார். அவற்றுக்கு வரைந்த சிற்றோவியங்களின் மூலச்சுவடி இரண்டாம் உலகப் போரின் முடிவில் ட்ரெஸ்டனில் காணாமல் போய்விட்டது. நல்லவேளை, அதற்கு முன்பே கன்னியர்கள் அதைக் கையால் அப்படியே படியெடுத்து வைத்திருந்தார்கள். நாம் இன்று பார்ப்பது அந்தப் படிதான்.

மின்னும் நட்சத்திரங்கள் கூட்டமாகச் சரிந்து கரித்துண்டாக விழுவது, கோட்டை மதில் போல வளைந்த சுவர்கள், ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள். இவற்றைப் பார்த்து, இது ஒற்றைத் தலைவலிக்கு முன்னால் வரும் ஒளிக்காட்சி என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சார்லஸ் சிங்கர் என்ற அறிவியல் வரலாற்றாளர் சொன்னார். நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் அதைப் பரவலாக்கினார்.

அந்த ஒளிக்காட்சி எப்படி இருக்கும் என்பதற்கு நான் காட்டும் படம் ஹூபர்ட் ஏரி வரைந்தது. இங்கிலாந்தின் அரச வானியலாளருடைய மகன், மருத்துவர். தனக்கே வந்ததை 1870-இல் கட்டம் கட்டமாக வரைந்து வெளியிட்டார். பார்வையின் நடுவில் ஒரு சின்னப் புள்ளி. அது வளைந்த ஓரமாக விரிகிறது. ஓரம் முழுக்க மேலிருந்து பார்த்த கோட்டை மதில் மாதிரி கூர்முனையோடு மடங்கி மடங்கிப் போகும் வண்ணக் கோடுகள், துடித்துக்கொண்டே. உள்ளே ஒன்றும் தெரியாத ஓட்டை. இருபது முப்பது நிமிடத்தில் விரிந்து விரிந்து பார்வையின் எல்லையைத் தாண்டிப் போய்விடும். கார்ல் லாஷ்லி என்ற உளவியலாளர் தன் ஒளிக்காட்சி விரியும் வேகத்தைக் கணக்கிட்டு, மூளையில் ஏதோ நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று 1941-இல் எழுதினார். மூன்று வருடம் கழித்து பிரேசில்காரர் லியாவ், முயல் மூளையில் அதே மந்தகதியில் பரவும் ஓர் அலையைக் கண்டுபிடித்தார்.

ஆக, ஹில்டகார்டுக்குத் தலைவலி இருந்திருக்கலாம். ஆனால் ஏரிக்கும் அதே கோட்டை மதில்தான் தெரிந்தது. அவர் மருத்துவக் கட்டுரை எழுதினார். ஹில்டகார்ட் அதில் விழுந்த தேவதூதர்களைக் கண்டார். 'வெறும்' என்ற சொல்லை எடுத்துவிட்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

வீட்டில் வயதானவர் இல்லாத ஆட்கள் தெரிவதாகச் சொல்கிறார். புத்தி பேதலிப்பா?

கண் பார்வை மோசமாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். என் பெரியம்மாவுக்கு விழித்திரை நடுப்பகுதி கெட்டுப்போய் முகம் தெரியாமல் போன பிறகு ஒருநாள் மதியம், 'செவுத்துல பூ போட்டுருக்கே, எப்படா அடிச்சீங்க?' என்று கேட்டார். வெள்ளையடித்த சுவர் அது. பிறகு பட்டுப் பாவாடை கட்டிய சின்னக் குழந்தைகள் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பேசாது, இவரைத் திரும்பியும் பார்க்காது. 'இருக்குதுங்கன்னு நெனைக்கலடா, தெரியுது, அவ்ளோதான்' என்பார். பக்கத்து வீட்டில் விபூதி போடச் சொன்னார்கள். நாங்கள் முதலில் பார்த்த மருத்துவர் மனநல மாத்திரை எழுதினார். இரண்டாவதாகப் பார்த்த கண் மருத்துவர் கேட்ட மாத்திரத்தில் பெயர் சொன்னார்: சார்லஸ் போனே நோய்க்குறி.

போனே ஜெனிவாக்காரர், இயற்கையியலாளர். கண்புரையால் பார்வை போன தன் தாத்தா சார்ல் லுலானுக்கு 89 வயதில் ஆண்கள், பெண்கள், பறவைகள், வண்டிகள், கட்டடங்கள் எல்லாம் தெரிந்ததை 1760-இல் பதிவு செய்தார். தாத்தா தெளிவாக இருந்தார். எதுவும் நிஜமில்லை என்று அவருக்கே தெரியும். கண்ணிலிருந்து செய்தி வருவது நின்றால், மூளையின் பார்வைப் பகுதி சும்மா இருப்பதில்லை, தானே எதையாவது ஓட்டிக்கொள்கிறது. 1998-இல் லண்டனில் இப்படிப்பட்ட நோயாளிகளை ஸ்கேனில் படுக்க வைத்துப் பார்த்தார்கள். வண்ணம் தெரிந்தவருக்கு, நிஜ வண்ணத்தைப் பார்க்கும்போது இயங்கும் பகுதியே இயங்கியது. முகம் தெரிந்தவருக்கு முகப் பகுதி.

பெரும்பாலும் இதற்கு மருந்து தேவைப்படுவதில்லை. 'உனக்கு ஒன்றுமில்லை, கண் செய்யும் வேலை' என்று சொன்னாலே பாதி பயம் போய்விடும். ஆனால் குழப்பமும் சேர்ந்து இருந்தால், பேசும் குரல்கள் கேட்டால், நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். திடீரென மின்னல், கரும்புள்ளிகள், திரை விழுவது போல ஒரு கண் மறைவது: இது எந்த வயதிலும் அன்றைக்கே கண் ஆஸ்பத்திரி.

எல் கிரேக்கோ என்ற ஓவியர் உருவங்களை நீளமாக வரைந்தது கண் கோளாறாலா?

கண் எல்லாவற்றையும் நீட்டிக் காட்டினால் துணியில் வரைந்ததையும் நீட்டித்தானே காட்டும்? இரண்டும் கழிந்துவிடும். அது அவர் விருப்பம்.

சரி, நம்மைப் போல சாதாரணமாகப் பார்ப்பவர்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, கட்டைவிரல்களை நிமிர்த்தி ஒட்ட வையுங்கள். இடது கண்ணை மூடுங்கள். வலது கண் இடது கட்டைவிரலையே பார்க்கட்டும், அசையக்கூடாது. வலது கையை மெதுவாக வலப்பக்கம் நகர்த்துங்கள். ஒரு சாண் போவதற்குள் கட்டைவிரல் நுனி காணாமல் போகும். அந்த இடத்தில் கறுப்பாக ஓட்டை தெரிகிறதா? தெரியாது. பின்னால் இருக்கும் சுவரோ திரைச்சீலையோதான் தெரியும். பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் விழித்திரை கிடையாது. பிறந்த நாளிலிருந்து அந்த ஓட்டையை நாம் வரைந்து நிரப்பிக்கொண்டே இருக்கிறோம்.

தலைகீழாகவும் நடக்கும். 1910-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பெர்க்கி என்ற பெண் ஆய்வாளர், திரையைப் பார்த்துத் தக்காளியைக் கற்பனை செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு, பின்னாலிருந்து மிக மங்கலாக நிஜமாகவே தக்காளி வடிவத்தைத் திரையில் விழச்செய்தார். பங்கேற்றவர்கள் அதைத் தங்கள் கற்பனை என்றே நம்பினார்கள். வாழைப்பழத்தை நெட்டுக்குத்தாகத் தெரியும்படி காட்டியபோது, 'படுக்கையாகத்தானே நினைத்தேன், ஏன் நிற்கிறது' என்று சிலர் வியந்ததோடு சரி.

எனக்குக் கண்ணை மூடினால் ஒன்றுமே தெரிவதில்லை. நான் ஓவியராக முடியாதா?

எட் கேட்மல் பிக்ஸார் அனிமேஷன் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். மனதில் எந்தப் பிம்பமும் வராது என்று அவரே சொல்லியிருக்கிறார். டிஸ்னியில் கடற்கன்னி ஏரியலுக்கு உயிர் கொடுத்த அனிமேஷன் கலைஞர் க்ளென் கீனுக்கும் அப்படித்தான். கீன் தாளில் கிறுக்கிக் கிறுக்கி, தாளில் வருவதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறார். இதற்கு 2015-இல் ஆடம் ஸீமன் என்ற நரம்பியலாளர் 'அஃபான்டேசியா' என்று பெயர் வைத்தார். என் வகுப்பிலும் ஒரு பெண் இருக்கிறாள். நிழல் போடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

போதைப் பொருள் எடுத்தால் பிளேக் மாதிரி வரையலாமா?

ஆல்டஸ் ஹக்ஸ்லி என்ற எழுத்தாளருக்கு இந்த ஆசை இருந்தது. 1953 மே மாதம் மருத்துவர் ஒருவர் பக்கத்தில் இருக்க மெஸ்கலின் எடுத்தார். அனுபவத்தை எழுதிய நூலுக்குப் பிளேக்கின் ஒரு வரியிலிருந்துதான் தலைப்பும் வைத்தார். ஆனால் பிளேக் சொன்ன மாதிரி உருவங்கள் எதுவும் வரவில்லை. ஜாடியில் இருந்த மூன்று பூக்களும், தன் கால்சட்டையின் மடிப்புகளுமே அவரை ஆட்கொண்டன. பிறகு ஓர் ஓவியப் புத்தகத்தைப் புரட்டியபோது போட்டிச்செல்லி வரைந்த ஆடை மடிப்புகளில் போய் நின்றுவிட்டார். ஓவியர்கள் ஏன் இத்தனை நூற்றாண்டாகத் துணி மடிப்பை விழுந்து விழுந்து வரைந்தார்கள் என்று அன்றைக்குப் புரிந்ததாம். நல்ல அவதானிப்பு. ஆனால் அவர் ஓவியராகவில்லை.

பெருவின் பாப்லோ அமரிங்கோ இதற்கு மறுபக்கம். அமேசான் காட்டு வைத்தியர், ஆயவாஸ்கா என்ற போதை மூலிகைக் கஷாயம் குடித்துக் கண்ட காட்சிகளை வரைந்து உலகப் புகழ் பெற்றவர். அந்த ஓவியங்களை அவர் வரையத் தொடங்கியது, குடிப்பதை விட்டுப் பல வருடம் கழித்து. அதற்கு முன்பே இயற்கைக் காட்சிகளை வரைந்து விற்றுக்கொண்டிருந்தவர். கை ஏற்கெனவே இருந்தது. இந்தியாவில் மெஸ்கலின் வைத்திருப்பதே குற்றம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நம் சிற்ப மரபில் இதுபோல ஏதாவது உண்டா?

உண்டு, ஆனால் தற்செயலாக வருவதற்குக் காத்திருக்கும் முறை கிடையாது. ஒவ்வொரு மூர்த்திக்கும் தியான சுலோகம் இருக்கிறது: எத்தனை கை, எந்தக் கையில் என்ன, நிற்கும் பாங்கு, நிறம். அதைச் சொல்லிச் சொல்லி மனதில் உருவம் நிலைத்த பிறகே வேலை. சுவாமிமலையில் ஸ்தபதி மெழுகைத் தொடும்போது பக்கத்தில் தென்னை ஓலைக் கீற்று ஒன்று இருக்கும். சிலையின் உயரத்துக்கு நறுக்கி, தாலக் கணக்குப்படி (முக நீளத்தை அலகாக வைத்து உடம்பை அளக்கும் முறை) மடித்து மடித்து அளவு குறித்த ஓலை. தியானம் ஒரு பக்கம், ஓலை ஒரு பக்கம்.

இதை மேற்குலகத்துக்கு விளக்கியவர்களில் முக்கியமானவர் ஆனந்த குமாரசுவாமி, 1877-இல் கொழும்பில் யாழ்ப்பாணத் தமிழர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். பிளேக்கை ஆழ்ந்து படித்தவர் என்பது தற்செயல் இல்லை. காளிதாசனின் மாளவிகாக்னிமித்திரத்தில் வரும் ஓர் இடத்தை அவர் எடுத்துக்காட்டுவார். அரசன் முதலில் மாளவிகாவின் ஓவியத்தைப் பார்க்கிறான், இத்தனை அழகு இருக்குமா என்று சந்தேகப்படுகிறான். பிறகு ஆளை நேரில் பார்க்கிறான். ஓவியத்தைவிட அவள் அழகு. உடனே அவன் ஓவியனின் தூரிகையைக் குறை சொல்லவில்லை, கண்ணையும் குறை சொல்லவில்லை. 'சிதில சமாதி' என்கிறான். வரையும்போது ஓவியனின் மன ஒருமை தளர்ந்துவிட்டதாம்.

வீட்டில் செய்து பார்க்க ஏதாவது?

லியனார்டோ தன் மாணவர்களுக்குச் சொன்னது: ஈரம் ஊறிக் கறை படிந்த சுவரைப் பார்த்துக்கொண்டே இருங்கள், மலையும் போரும் முகங்களும் வரும். மழைக்காலம் முடிந்த நம் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரைவிட நல்ல சுவர் கிடைக்காது. பத்து நிமிடம் பாருங்கள், வந்ததை வரையுங்கள். மறுநாள் அதே சுவரில் அது இருக்காது. வார்லி கண்ணைக் கசக்கினார், நீங்கள் கசக்க வேண்டாம்.

பிளேக்கின் ஓவியங்களை எங்கே பார்க்கலாம்?

பல பிரதிகள் பிளேக் ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே நூலின் வெவ்வேறு பிரதிகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்றில் வானம் மஞ்சள், இன்னொன்றில் நீலம். தெள்ளுப்பூச்சி லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு நேரில் போகிறவர்கள் ஏமாறுவார்கள்: பலகை 21 சென்டிமீட்டர் உயரம், 16 அகலம். ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் அளவு. வண்ணமும் கறுத்துப்போயிருக்கிறது. கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்தால் தங்கம் மட்டும் மினுங்கும்.